எல்டிஓ பிழை: பழைய கம்பைலருக்குத் திரும்புவதா, எல்டிஓவை அணைப்பதா?

கம்பைலரின் புதிய பதிப்பில் நுழைந்த பிழையால், நேற்றுவரை சரியாக இருந்த நிரல் இன்று, தொகுத்த கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் முறிகிறதா? எல்டிஓ (LTO), அதாவது அந்தக் கட்டத்தில் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் பார்த்து நிரலை வேகப்படுத்தும் வசதி, இயங்கும்போது இது நேர்ந்தால் இரண்டு வழிகள் உண்டு.

பழைய பதிப்புக்குத் திரும்பினால் எல்டிஓ தரும் வேகத்தை இழக்க வேண்டாம். ஆனால் ஜிசிசி (GCC) கம்பைலரின் எல்டிஓ ஆப்ஜெக்ட் கோப்பில் இருப்பது அதன் இடைநிலை வடிவம் (பைட்கோடு). முதன்மைப் பதிப்பு மாறினால் அது செல்லாது. புதியதில் எல்டிஓவுடன் உருவான ஒரே ஒரு ‘.ஏ’ (.a) நூலகம் மிஞ்சியிருந்தாலும், பைட்கோடு பதிப்பு பொருந்தவில்லை என்று லிங்க் நின்றுவிடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொகுக்க வேண்டும்.

எல்டிஓவை அணைப்பதற்கு ‘-எஃப்நோ-எல்டிஓ’ (-fno-lto) என்று கம்பைலருக்குக் கொடுத்தால் போதும். கோப்புகளைக் கடந்த இன்லைனிங், அதாவது ஒரு கோப்பின் செயற்கூற்றை அழைக்கும் இடத்திலேயே பதிப்பது, போய்விடும். சிக்கல் தரும் கோப்புக்கு மட்டும் அணைத்தால் இழப்பு சிறியது. நான் இதைத்தான் முதலில் செய்வேன். அதற்கு முன் எச்சரிக்கைகளைப் படித்துவிடுங்கள்: ஒரே மாறியை இரு கோப்புகள் வெவ்வேறு வகையாக அறிவித்திருந்தால், தவறு கம்பைலருடையது அல்ல.