ஒன்பது ஆண்டுகளாகக் கிட்: டேக்கோடு என் தகராறு

எங்கள் நிரலகத்துக்கு ஓராண்டாகத் திருத்தங்கள் அனுப்பிவரும் நண்பர் ஒருவர், அடுத்த வெளியீட்டைத் தாமே தயாரிப்பதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஏற்றுக்கொண்ட மறுநாளே, "வெளியீட்டு வேலைக்கும் கிட் ஒன்றே போதுமா, வேறு கருவி ஏதேனும் பழக வேண்டுமா?" என்று கேட்டார். (நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவிதான் கிட்.) நான் 2.4.1 பதிப்பை வெளியிட்டு முடித்து அப்போது இரண்டு நாள்கூட ஆகவில்லை, 2.4.0-இல் நடந்த குளறுபடியின் எரிச்சலும் தணிந்தபாடில்லை. அந்தச் சூடு இந்தப் பதிலிலும் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பராமரிப்பது தமிழ்ச் சொற்களைத் தேடவும் அகர வரிசையில் அடுக்கவும் உதவும் சிறிய பைத்தான் நிரலகம். அதில் முதல் நான்கு ஆண்டுகள் திருத்தம் மட்டுமே அனுப்பினேன். கடந்த ஐந்து ஆண்டுகளாக வெளியீட்டுப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. இரண்டு வேலைகளையும் செய்து பார்த்த பிறகுதான், ஒரே கருவி திருத்துபவரிடம் ஒரு விதமாகவும் வெளியிடுபவரிடம் வேறு விதமாகவும் நடந்துகொள்வது எனக்குத் தெரிந்தது.

திருத்தம் செய்பவருக்குக் கிட் தாய்வீடு. வழு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கும் பைசெக்ட் கட்டளை ஒன்றே போதும், இதைச் சொல்ல. எங்கள் 1.8 பதிப்பில் ஒழுங்காகக் கிடைத்துவந்த 'கொடி' என்ற சொல், 2.0-இல் சில கோப்புகளில் மட்டும் தேடலில் அகப்படவில்லை. திரையில் பார்த்தால் எல்லாக் கோப்புகளிலும் 'கொ' ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் சிலவற்றில் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும், வேறு சிலவற்றில் ஒற்றைக் கொம்பும் காலும் இரண்டு குறியெண்களாகவும் பதிவாகியிருந்தன. யூனிகோட் இவ்விரண்டையும் சமமாகவே கொள்கிறது. ஒப்பிடும் முன், இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி இயல்பாக்கம் செய்துவிட்டால் வேறுபாடு மறைந்துவிடும். அந்த இயல்பாக்கம் எங்கோ வழியில் உதிர்ந்துபோயிருந்தது. இரண்டு பதிப்புகளுக்கும் நடுவே 312 கமிட்டுகள், அதாவது பதிவான மாற்றங்கள். 'கொடி'யை இரண்டு விதமாகவும் எழுதித் தேடிப்பார்க்கும் ஆறு வரிச் சோதனை நிரலை, சோதனையைத் தானே ஓட்டிப் பார்க்கும் பைசெக்ட் ரன்னிடம் ஒப்படைத்தேன். அது பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய், எட்டே சோதனைகளில், வேகத்தைக் கூட்டுவதற்காக இயல்பாக்க வரியை நீக்கிய கமிட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. ஏன் நீக்கினோம் என்ற காரணமும் அந்தக் கமிட்டின் செய்தியிலேயே இருந்தது. திருத்தி முடித்து, பழைய 1.8 கிளைக்கும், ஒரு கமிட்டை மட்டும் எடுத்துச் சேர்க்கும் செர்ரி-பிக் மூலம் கொண்டுபோனபோது, -எக்ஸ் என்ற தெரிவைக் கொடுத்ததால் மூலக் கமிட்டின் அடையாளமும் கூடவே பதிவானது. மூன்று ஆண்டுகள் கழித்து அந்த வரியைப் பார்ப்பவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். இந்த நேர்த்திக்கு இணையாக வேறெந்தக் கருவியிலும் நான் கண்டதில்லை.

இனி டேக். வெளியீடு என்பதே, "இந்த நிரல்தான் 2.4.0" என்று ஊருக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கைச் சுமக்கும் பொருள் கிட்டில் டேக், அதாவது குறிப்பிட்ட ஒரு கமிட்டுக்கு நாம் சூட்டும் பெயர். அதில் இரண்டு வகை உண்டு: போட்டவர் பெயர், தேதி, செய்தி ஆகியவற்றோடு தனிப்பொருளாக நிற்கும் அனோட்டேட்டட் டேக், வெறும் பெயர்ப்பலகையான லைட்வெயிட் டேக். தெரிவு எதுவும் கொடுக்காமல் கட்டளையை அடித்தால் வருவது இரண்டாவது. எங்கள் தொகுப்பு நிரல் பதிப்பு எண்ணை, அருகிலுள்ள டேக்கை வைத்துப் பெயர் சொல்லும் கிட் டிஸ்கிரைப் கட்டளையிடம் கேட்டு வாங்குகிறது; டிஸ்கிரைப்போ, தனியாகச் சொன்னாலொழிய, லைட்வெயிட் டேக்குகளைக் கண்டுகொள்வதில்லை. 2.4.0 அன்று இரவு, அனோட்டேட்டட் டேக்குக்கான -ஏ என்ற ஒரெழுத்தை அடிக்க மறந்தேன். உருவான தொகுப்பின் பெயரில் 2.4.0 இல்லை, 2.3.2-க்குப் பின் 41 கமிட்டுகள் என்று பொருள்படும் நீளமான பெயர்தான் இருந்தது.

டேக்கை அழித்துவிட்டு மீண்டும் போட்டேன். அந்தக் கையோடு, கிரந்த எழுத்துகளின் வரிசையில் விடுபட்டிருந்த ஒரு சிறு திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன். முதல் டேக் பொதுக் களஞ்சியத்தில் இருந்தது நாற்பது நிமிடங்கள்தான். அதற்குள் இரண்டு பேர் அதை எடுத்துத் தங்கள் இடத்தில் தொகுத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, 'ஜ', 'ஷ' வரிசை தவறுகிறது என்று 2.4.0-இன் பெயரில் வழு அறிக்கை வந்தது. என் கணினியிலும் 2.4.0, இங்கே வரிசை சரியாக வந்தது. கமிட் எண்ணை அனுப்பச் சொல்லி இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கும் வரை ஒரு மாலைப்பொழுது முழுதும் வீணானது. ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் உலவிக்கொண்டிருந்தன.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வெளியிட்ட டேக்கை மாற்றாதீர்கள், தவறை ஒப்புக்கொண்டு வேறு பெயரில் புதிதாகப் போடுங்கள் என்று கிட்டின் ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. ஒருவரிடம் உள்ள டேக்கை அவருக்குத் தெரியாமல் மாற்றக் கூடாது என்பதும் சரியான கொள்கை. 2018 டிசம்பரில் வந்த கிட் 2.20 முதல், களஞ்சியத்திலிருந்து புதியவற்றை எடுத்துவரும் ஃபெட்ச், ஏற்கெனவே உள்ள டேக்கின் மேல் எழுத வேண்டுமானால், கட்டாயப்படுத்தும் ஃபோர்ஸ் தெரிவைக் கொடுத்தாக வேண்டும். பெறுபவரை இவ்வளவு அக்கறையோடு காக்கும் கருவி, வெளியிடுபவர் தவறும் இடத்தில் ஒரு வார்த்தை எச்சரிக்காமல் விட்டுவிடுவதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. பைத்தான் தொகுப்புகளை ஊருக்கு வழங்கும் பைபிஐ தளத்தைப் பாருங்கள்: ஒரு கோப்புப் பெயரை ஒருமுறை பயன்படுத்திவிட்டால், கோப்பையே அழித்தாலும் அந்தப் பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. அந்தக் கண்டிப்பு இங்கே இல்லை. நம் கமிட்டுகளைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பும் சாதாரணப் புஷ், டேக்கை எடுத்துச் செல்வதும் இல்லை. கமிட்டெல்லாம் போய்ச் சேர்ந்திருக்க, டேக் மட்டும் நம் கணினியிலேயே கிடக்கும்.

இதைச் சிறு குறை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவிக்குள் ஒளித்துவைத்திருந்த பின்கதவை, அதாவது கள்ளவழியை, அம்பலப்படுத்தியபோது தெரிந்தது என்ன? தீங்கு நிரல் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் களஞ்சியத்துக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதைத் தட்டியெழுப்பும் வரிகள் 5.6.0, 5.6.1 ஆகியவற்றின் வெளியீட்டு டார்பால்களில் (மூல நிரலை ஒன்றாகக் கட்டித் தரும் கோப்புகளில்) மட்டுமே இருந்தன. அன்றிலிருந்து நாங்கள் டார்பாலைக் கையால் கட்டுவதில்லை. டேக்கிலிருந்து கிட் ஆர்க்கைவ் கட்டளை உருவாக்குவது எதுவோ, அதுவே எங்கள் டார்பால். டேக்கின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றிய பிறகு, ஒரெழுத்து மறந்ததற்காக அது சரிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், திருத்துபவனாக ஐந்தையும் கொடுப்பேன். வெளியிடுபவனாக இன்றைக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டேன். ஆனாலும் நண்பருக்கு என் பதில், கிட் ஒன்றே போதும் என்பதுதான். டேக் கட்டளையைக் கையால் அடிக்க வேண்டாம். கையொப்பத்தோடு அனோட்டேட்டட் டேக் போடும் -எஸ் சேர்த்து, டிஸ்கிரைப் தரும் பெயரைச் சரிபார்த்து, அந்த டேக்கைப் பெயர் சொல்லிப் புஷ் செய்யும் பதினோரு வரி நிரல் ஒன்றை இந்த வாரம் எழுதியிருக்கிறேன். 2.4.1 அதன் வழியாகத்தான் போனது. 2.5.0-க்கு முன் ஒருமுறை அவர் தம் கணினியில் காலிக் களஞ்சியம் ஒன்றை வைத்து அதை ஓட்டிப் பார்க்கட்டும். நானும் உடன் இருக்கிறேன்.