பள்ளி அரங்கத்துக்கு பெரிங்கர் எக்ஸ்32 எப்படி?

பழைய அனலாக் மிக்சரைத் தூக்கிவிட்டு எங்கள் பள்ளி அரங்கத்தில் பெரிங்கர் எக்ஸ்32 டிஜிட்டல் சவுண்ட் மிக்சர் போட்டோம், செய்த செலவில் இதுதான் உருப்படியானது என்று தயங்காமல் சொல்வேன். 32 மைக் உள்ளீடு, 16 வெளியீடு எல்லாம் சரி, ஆனால் நாடகத்துக்கு உண்மையில் கைகொடுப்பது சீன் சேமிக்கும் வசதிதான். எந்தக் காட்சியில் எந்தப் பிள்ளையின் காலர் மைக்கைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்பதை ஒத்திகையிலேயே பதிந்து வைத்துவிட்டால், பட்டனைத் தட்டியதும் ஃபேடர்கள் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகரும் குமிழ்கள்) தாமாகவே சர்ரென்று நகர்ந்து அந்தந்த இடத்தில் போய் நிற்கின்றன, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே இப்போது தைரியமாக இயக்குகிறார்கள்.

மேடையிலேயே மைக்குகளைச் செருகும் பெட்டியான எஸ்16 ஸ்டேஜ் பாக்ஸும் சேர்த்து வாங்குங்கள். மேடையிலிருந்து வந்த தடித்த கேபிள் கட்டு போய், 16 மைக்கும் ஒரே நெட்வொர்க் கேபிளில் வந்துவிடும் (ஷீல்டு உள்ள கேட்5ஈ கேபிளாகவே போடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்). குறை என்றால், உள்ளே வைஃபை கிடையாது, டேப்லெட்டில் இயக்கத் தனியாக ரௌட்டர் வேண்டும்.

அப்புறம் புரொஜெக்டர். லேசர் எடுங்கள், விளக்கு மாற்றும் தொல்லை இல்லை. தூரம் அதிகமென்றால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை நம்பாதீர்கள், படம் விட்டுவிட்டு வரும். எச்டிபேஸ்டி (படத்தை நெட்வொர்க் கேபிள் வழியே தூரத்துக்கு அனுப்பும் முறை) போட்டபின் எங்களுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை.