காரைக்குடி மாடித் தையல் கடை: ரவிக்கைக்கு முழு மார்க், பின்கதவுக்கு இல்லை

கண்டாங்கிச் சேலைக்கு ரவிக்கை தைக்க, செக்காலை ரோட்டுப் பக்கம் இருக்கும் இந்தக் கடையைத் தாராளமாகச் சொல்வேன். கை அளவு கச்சிதம், கூலி 350 ரூபாய், சொன்ன நாளில் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் மூன்று நட்சத்திரம்தான். மாடியில் எட்டுப் பெண்கள் தைக்கிறார்கள். பின்படிக் கதவில் பூட்டு, அதை அடைத்துத் துணி மூட்டைகள்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள் நான், எனக்கு மனசு கேட்கவில்லை. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடை ஆலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாவது மாடிக் கதவு பூட்டியிருந்தது என்று உயிர் தப்பிய பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். அவர்களில் கேட் ஆல்ட்டர்மன் என்ற பெண்ணை, முதலாளிகளின் வக்கீல் அதே சாட்சியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். வார்த்தைகள் அப்படியே வந்ததால், மனப்பாடம் என்று காட்டினார். டிசம்பரில் முதலாளிகள் இருவருக்கும் விடுதலை. கண்ணெதிரே பார்த்த சாவை அவள் வேறு எப்படித்தான் சொல்வாள்?

கடைக்காரரிடம் கேட்டேன். திருட்டுப் பயம் என்றார். அங்கேயும் அதே காரணம்தான். பூட்டை எடுத்துவிட்டு உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள் அண்ணே, தீபாவளித் துணியெல்லாம் உங்களிடமே தருகிறேன்.