யூஎஸ் பேட்டன்ட் கிராண்ட் ஆனப்புறம் ஓட்டை தெரிஞ்சா எந்தக் கதவைத் தட்டணும்? சப்ளிமென்டல் எக்ஸாமா, ரீஎக்ஸாமா, ரீஇஷ்யூவா?

பேட்டன்ட் கைக்கு வந்தாச்சு, லைசென்ஸ் பேசலாம், இல்ல எவன் மேலயாவது கேஸ் போடலாம்னு ஃபைலைத் தூசி தட்டும்போதுதான் ஏதாவது ஒண்ணு வெளிய வரும். பேட்டன்ட் ஆபீஸ் எக்ஸாமினர் கிட்ட காட்டாம விட்ட ஒரு கான்ஃபரன்ஸ் பேப்பர், டெக்லரேஷன்ல (ஆபீஸுக்கு உறுதிமொழியா எழுதிக் கொடுத்த பேப்பர்ல) தப்பா ஏறிப்போன டெஸ்ட் டேட்டா, ஃபைல் பண்றதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே கஸ்டமருக்கு வித்த பில்லு, இப்படி. இதை ஓனரே போய் சரி பண்றதுக்கு அமெரிக்காவுல முக்கியமா மூணு வழி இருக்கு. மூணும் ஒரே வேலைன்னு நினைச்சு எது சீப்புன்னு கேக்குறவங்கதான் அதிகம். ஆனா உங்க ஓட்டை எந்த மாதிரின்னு பாத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கணும், ஃபீயை வச்சு இல்ல.

ரீஇஷ்யூவை முதல்ல முடிச்சிடலாம், ஏன்னா இது கிளெய்ம்ல, அதாவது உங்க உரிமை எது வரைக்கும்னு சொல்ற வரிகள்ல, கோளாறு இருக்கிறவங்களுக்கு. கிளெய்ம் ரொம்ப அகலமா எழுதிட்டீங்க, இல்ல ரொம்ப குறுக்கிட்டீங்கன்னா அமெரிக்க பேட்டன்ட் சட்டத்தோட 251-வது செக்‌ஷன். அகலப்படுத்தணும்னா கிராண்ட் ஆன 2 வருஷத்துக்குள்ள போடணும், குறுக்குறதுக்கு அந்தக் கெடு கிடையாது. மூணு வழியில கிளெய்மை அகலமாக்க முடியுறது இது ஒண்ணுலதான், அதுலயும் அன்னைக்கு பேட்டன்ட் வாங்குறதுக்காக விட்டுக்கொடுத்ததை இன்னைக்கு திருப்பி எடுக்க விடமாட்டாங்க. பதிலுக்கு மொத்த பேட்டன்ட்டும் திரும்ப எக்ஸாமினர் டேபிளுக்குப் போகுது, நல்லா இருந்த கிளெய்மும் சேர்ந்து அடி வாங்கலாம்.

எக்ஸ் பார்ட்டே ரீஎக்ஸாம், அதாவது கிராண்ட் ஆன கிளெய்மை ஆபீஸ் மறுபடி சோதிக்கிறது, 1981-லேர்ந்து இருக்கிற பழைய ஆளு. யார் வேணாலும் கேக்கலாம், ஓனரும் கேக்கலாம். பேட்டன்ட்டும் அச்சுல வந்த பப்ளிகேஷனும் மட்டும்தான் எடுத்துப்பாங்க, அந்த வித்த பில்லை எல்லாம் வச்சு ரீஎக்ஸாம் கேக்க முடியாது. ஓனருக்கு ஒரு நல்லது என்னன்னா ரிக்வெஸ்ட் கூடவே அமென்ட்மென்ட்டையும் போட்டுடலாம். 40 பக்கத்துக்குள்ள கச்சிதமா எழுதினா பாதி ஃபீதான்னு 2018-ல கொண்டுவந்தாங்க, அப்போ 12,000 டாலருக்குப் பதிலா 6,000. புதுசா ஒரு பிரையர் ஆர்ட் (நமக்கு முன்னாடியே வெளிய வந்த தகவல்) கிடைச்சிருக்கு, அதைத் தாண்டி நம்ம கிளெய்ம் நிக்கும்னு நம்பிக்கையும் இருக்குன்னா இதுவே போதும்.

ஆனா இந்த ரெண்டும் பண்ணாத ஒரு வேலை இருக்கு. அமெரிக்க கோர்ட்டுல "நீ பேட்டன்ட் ஆபீஸை வேணும்னே ஏமாத்தின"ன்னு நிரூபிச்சுட்டா, ஒரு கிளெய்ம் இல்ல, மொத்த பேட்டன்ட்டுமே செல்லாக்காசு. இன்ஈக்விட்டபிள் கான்டக்ட்னு பேரு. ரீஇஷ்யூ பண்ணியோ ரீஎக்ஸாம் பண்ணியோ இந்தக் கறையைக் கழுவ முடியாது. 2011 மே மாசம் தெராசென்ஸ் கேஸ்ல ஃபெடரல் சர்க்யூட் (பேட்டன்ட் அப்பீல் கேக்குற கோர்ட்) இதுக்கான அளவுகோலை நல்லாவே இறுக்கிச்சு. அந்தக் கேஸ் அபாட் கம்பெனியோட சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப் பேட்டன்ட் பத்தினது, ஐரோப்பிய பேட்டன்ட் ஆபீஸ்ல ஒண்ணு சொல்லிட்டு அமெரிக்க ஆபீஸ்ல அதுக்கு மாறா ஒண்ணு சொன்னாங்கங்கறதுதான் சண்டை. இவ்வளவு இறுக்கியும் கேஸ் கீழ் கோர்ட்டுக்குத் திரும்பிப் போனப்போ 2012-ல மறுபடியும் ஓனருக்கு எதிராத்தான் தீர்ப்பு வந்துச்சு. அதனால தெராசென்ஸுக்கு அப்புறம் பயமே இல்லன்னு சொல்ற அட்டார்னியை நான் நம்பமாட்டேன்.

சப்ளிமென்டல் எக்ஸாம் இங்கதான் வருது. 2012 செப்டம்பர் 16-லேர்ந்து அமல், 257-வது செக்‌ஷன். ஓனர் மட்டும்தான் கேக்க முடியும். ஒரு ரிக்வெஸ்ட்ல 12 ஐட்டம் வரைக்கும், மேல இருந்தா இன்னொரு ரிக்வெஸ்ட் போட்டுக்கலாம். பப்ளிகேஷன் மட்டும்னு இல்ல, டெக்லரேஷன், விற்பனை ஆதாரம், கிளெய்ம் தெளிவா இல்லங்கிற விஷயம், எதுவும் போகும். ஆபீஸ் 3 மாசத்துல ஒரு சர்டிஃபிகேட் கொடுக்கும்: பேட்டன்ட் கொடுத்தது சரிதானான்னு புதுசா கனமான கேள்வி எழும்புதா இல்லையான்னு. எழலைன்னா வேலை முடிஞ்சது. எழுந்துச்சுன்னா அவங்களே ரீஎக்ஸாம் ஆர்டர் பண்ணுவாங்க, அதுல பப்ளிகேஷன் மட்டும்தான்ங்கிற வேலி கிடையாது. 2013-ல ஃபீ 4,400 டாலர், ரீஎக்ஸாமுக்குன்னு 12,100 டாலரும் முன்னாடியே கட்டணும், ரீஎக்ஸாம் வரலைன்னா அந்த ரெண்டாவது தொகை திரும்ப வந்திடும். இப்போ ரேட் ஏறியிருக்கு, சின்ன கம்பெனிக்குத் தள்ளுபடி உண்டு.

இதெல்லாம் தாண்டி வாங்குற பொருள் என்னன்னா, அங்க காட்டி பரிசீலிச்ச தகவலை முன்னாடி மறைச்சீங்க, தப்பா கொடுத்தீங்கன்னு சொல்லி அப்புறம் எவனும் இன்ஈக்விட்டபிள் கான்டக்ட்ல பேட்டன்ட்டை முடக்க முடியாது; ஆனா அதே தகவலை பிரையர் ஆர்ட்டா வச்சு கிளெய்ம் செல்லாதுன்னு வாதாடுறதை இது தடுக்காது. இதுல ரெண்டு கண்ணி இருக்கு, நிறைய பேர் இங்கதான் மாட்டுறாங்க. ஒண்ணு, எதிராளி ஏற்கனவே கோர்ட்டுல அந்தக் குற்றச்சாட்டை விவரமா எழுதிட்டான்னா லேட்டு. ரெண்டாவது, நீங்க கேஸ் போடுறதா இருந்தா சப்ளிமென்டல் எக்ஸாமும் அதுலேர்ந்து வர்ற ரீஎக்ஸாமும் முழுசா முடிஞ்சப்புறம்தான் போடணும், நடுவுல போட்டா அந்தக் கேஸ்ல கவசம் கிடைக்காது. 3 மாசம்னு படிச்சுட்டு காலண்டர் போட்டுடாதீங்க, ரீஎக்ஸாம் வந்துட்டா வருஷக்கணக்குல போகும்.

மருந்து பேட்டன்ட்ல இது இன்னும் இடிக்கும். ஹைதராபாத்லயோ அகமதாபாத்லயோ இருந்து ஒரு ஜெனெரிக் கம்பெனி பாராகிராஃப் ஃபோர் நோட்டீஸ் (உங்க பேட்டன்ட் செல்லாது, இல்ல எங்க மருந்து அதை மீறலைன்னு சொல்ற நோட்டீஸ்) அனுப்புதுன்னு வைங்க. நோட்டீஸ்லயே அந்தக் குற்றச்சாட்டு விவரமா இருந்தா கதை அங்கயே க்ளோஸ். இல்லைன்னாலும் 45 நாளுக்குள்ள கேஸ் போட்டாத்தான் அந்த ஜெனெரிக்குக்கு அனுமதி கிடைக்கிறதை நிறுத்தி வைக்கிற 30 மாச ஸ்டே கிடைக்கும், சர்டிஃபிகேட்டுக்கே 3 மாசம் ஆகும்போது ரெண்டையும் பிடிக்க வழியே இல்ல. ஆகவே மருந்துக்காரங்க நோட்டீஸ் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஃபைலை ஆடிட் பண்ணி முடிச்சிருக்கணும்.

கவசம்னு சொன்னாலும் அது பேட்டன்ட்டுக்குத்தான், ஆளுக்கு இல்ல. பெரிய மோசடின்னு ஆபீஸுக்குத் தெரிஞ்சா விஷயத்தை அட்டார்னி ஜெனரல் வரைக்கும் அனுப்பியே ஆகணும்னு சட்டமே சொல்லுது. சந்தேகம் அந்த அளவுக்கு இருந்தா ரிக்வெஸ்ட் எழுதறதுக்கு முன்னாடி பழைய ஃபைலைக் கையாண்டவங்களைத் தவிர்த்து வேற வக்கீலைப் பாருங்க.

என் கணக்குல, கேஸ் போடுற எண்ணம் இருந்து, காட்டாத தகவல்தான் உறுத்துதுன்னா சப்ளிமென்டல், அதுவும் ஒரு ரெண்டு மூணு வருஷம் முன்கூட்டியே. அப்படி எண்ணமே இல்லாதவங்க வீணா போய் எதிராளிக்கு மேப் வரைஞ்சு கொடுக்க வேணாம், ஏன்னா ஒவ்வொரு ஐட்டமும் எந்தக் கிளெய்முக்கு எப்படிப் பொருந்துதுன்னு நீங்களே விளக்கமா எழுதணும், அந்தப் பேப்பரை நாளைக்கு எவன் வேணாலும் எடுத்துப் படிக்கலாம்.