அரிய பொருள் யாருக்கு: குலுக்கலா, டோக்கனா, ஏலமா?

ஆன்லைன் விளையாட்டில் சில பொருள்கள் அரிதாகத்தான் இருக்க வேண்டும். எல்லோரிடமும் இருக்கும் வாளைத் தேடி யாரும் இரவு விழிக்க மாட்டார்கள். ஆனால் அது எந்த வழியில் ஒருவர் கைக்கு வருகிறது என்பதில் விளையாட்டுக்கு விளையாட்டு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பழைய வழி குலுக்கல். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் லிச் கிங் என்ற பெரிய எதிரியைக் கடினமான நிலையில் வீழ்த்தினால் இன்வின்சிபிள் என்ற பறக்கும் குதிரை கிடைக்கலாம். வாய்ப்பு சுமார் 1 சதவீதம். ஒரு கேரக்டருக்கு வாரம் ஒரு முறைதான். நூறு முறை போனால் கிடைத்துவிடும் என்று தோன்றும், இல்லையா? 100 முறைக்குப் பிறகும் நூறு பேரில் சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். 300 முறைக்குப் பிறகும் இருபதில் ஒருவருக்குக் கிடைத்திருக்காது. ஒரே கேரக்டரோடு போகிறவருக்கு 300 வாரம் என்றால் கிட்டத்தட்ட ஆறு வருஷம். குலுக்கல் ஆள் பார்ப்பதில்லை, அது பெரிய விஷயம்தான். ஆனால் நேற்றுவரை பட்ட பாட்டையும் அது கணக்கில் எடுப்பதில்லை. முதல் நாள் வந்தவரும் ஆறு வருஷம் வந்தவரும் அதற்கு ஒன்றுதான்.

டோக்கன் முறை இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14இன் எக்ஸ்ட்ரீம் டிரையல் என்ற கடினமான சண்டைகளில் சவாரி மிருகம் நேரடியாகவும் டிராப் ஆகும், அதாவது குலுக்கலில் விழும். கூடவே ஒவ்வொரு வெற்றிக்கும் டோட்டம் என்ற டோக்கன் கிடைக்கும். 99 டோட்டம் சேர்ந்தால், அந்தப் பரிமாற்றம் திறந்தபின் அதே மிருகத்தை வாங்கிக்கொள்ளலாம். அதிர்ஷ்டக்காரருக்குச் சீக்கிரம், மற்றவருக்குத் தாமதம்; யாருக்கும் கிடைக்காமல் போவதில்லை.

கென்ஷின் இம்பாக்ட்டில் கேரக்டர்களே குலுக்கலில்தான் வருவார்கள்; ஒவ்வொரு குலுக்கலும் ஒரு 'இழுப்பு'. அதிலும் உச்சவரம்பு உண்டு. ஐந்து நட்சத்திர கேரக்டருக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90ஆவது இழுப்பில் ஐந்து நட்சத்திரம் கட்டாயம். ஆனால் அது நாம் விரும்பிய கேரக்டராக இல்லாமல் போகலாம். அப்படித் தவறினால் அடுத்தது உறுதி, அதாவது மோசமான நிலையில் 180 இழுப்பு. பார்வைக்கு டோக்கன் மாதிரியே இருக்கிறது. ஆனால் இழுப்பைக் காசு கொடுத்தும் வாங்கலாம் என்பதால், பொறுமைக்கு வைத்த வரம்பு பணப்பைக்கு வைத்த விலையாகிவிடுகிறது. இதை நான் அதே தட்டில் வைக்க மாட்டேன்.

ஏலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டயாப்லோ 3 நிஜப் பணத்துக்கு ஏலக்கூடம் நடத்திப் பார்த்தது. அரக்கர்களைக் கொன்று பொருள் தேடுவதுதான் அந்த விளையாட்டின் உயிர். ஏலக்கூடம் அதையே கெடுக்கிறது என்று சொல்லி 2014 மார்ச் 18 அன்று அதை மூடினார்கள்.

கில்டுக்குள், அதாவது சேர்ந்து ஆடும் நிரந்தரக் குழுவுக்குள், பங்கிடும் டிகேபி என்ற புள்ளி முறை எவர்க்வெஸ்ட் காலத்திலிருந்தே இருக்கிறது. ரெய்டுக்கு, அதாவது பலர் சேர்ந்து போகும் பெரிய சண்டைக்கு, வந்தால் புள்ளி, புள்ளியைச் செலவழித்தால் பொருள். ஒற்றுமையான குழுவுக்கு அருமையான முறை. புதிதாகச் சேர்ந்தவருக்குத்தான் கஷ்டம்.

இன்னொன்று, 'அன்று இருந்தவருக்கு மட்டும்'. ரூன்ஸ்கேப்பில் 2001 கிறிஸ்துமஸுக்கு இலவசமாகக் கிடைத்த காகிதத் தொப்பிகள் பின்னாளில் கோடிக்கணக்கான விளையாட்டுக் காசுக்குக் கைமாறின. அழகுக்கு மட்டும் என்றால் இதில் தப்பில்லை. போரில் பலம் தரும் பொருளை இப்படிக் கொடுத்தால் பின்னால் வருபவருக்குக் கதவே கிடையாது.

டோக்கன் வந்தால் அருமை போய்விடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். சரி, 1 சதவீத டிராப்புக்கு 150ஆவது முயற்சியில் வரம்பு வைத்துப் பாருங்கள். நூறு பேரில் சுமார் 78 பேருக்கு அதற்குள் குலுக்கலிலேயே கிடைத்துவிடும். வரம்பு காப்பாற்றுவது மீதி 22 பேரைத்தான், அவர்களும் 150 முறை உழைத்த பிறகே வாங்குகிறார்கள். எண்ணிக்கையைத் திரையில் காட்டி, அது கேரக்டருக்கு அல்லாமல் அக்கவுண்டுக்குச் சேரும்படி வைத்தால் எனக்கு வேறு புகாரே இல்லை.