ஏற்காடு ஹோம்ஸ்டே: கேட்டைத் தாண்டினால் சமதளம்

ஏற்காட்டில் ரூம் தேடுகிறவர்கள் பால்கனியிலிருந்து என்ன தெரியும் என்று கேட்பார்கள். நான் கேட்பது வாசலிலிருந்து முதல் கால் மணி நேர நடைக்குப் பாதை எப்படி என்பதைத்தான். என் மகனுக்குப் பதினாறு வயது, மெக்கார்டில் நோய். 1951-ல் பிரையன் மெக்கார்டில் என்ற டாக்டர் முதலில் கண்டெழுதிய, மிக அரிதான மரபணு நோய். தசையில் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜனைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைம் அவனுக்கு இல்லை. அதனால் நடக்க ஆரம்பித்த முதல் எட்டுப் பத்து நிமிடம்தான் பெரும்பாடு. ரத்தத்தில் வரும் சர்க்கரையும் கொழுப்பும் தசைக்குக் கைகொடுக்கத் தொடங்கியதும் கால் லேசாகிவிடும். டாக்டர்கள் இதை 'செகண்ட் விண்ட்' என்கிறார்கள்.

போன வருஷம் வேறொரு ரிசார்ட்டில் காரைக் கீழேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்குத்துப் படியில் ஏறினான். தொடை கல்லாக இறுகிவிட்டது. ராத்திரி சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. தசை சிதைந்தால் அப்படிப் போகும், சிறுநீரகத்துக்கே ஆபத்து. இரவோடு இரவாக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் அட்மிட் செய்தோம்.

இந்த வீடு ஏரியைத் தாண்டி, காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது. வயதான தம்பதி நடத்துகிறார்கள். கார் வாசல்படி வரை போகிறது. கேட்டைத் தாண்டினால் மலைச்சரிவை ஒட்டியே வளைந்து போகும் மண்பாதை, இரண்டு பக்கமும் மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள். ஏற்றம் தொடங்கவே கால் மணி நேரம் ஆகிறது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

காலையில் கிளம்பும்போது அந்த அம்மா எலுமிச்சம்பழ ஜூஸோடு வந்து, "சர்க்கரை எத்தனை ஸ்பூனுங்க போடட்டும்?" என்றார். நடைக்குச் சற்று முன் இனிப்பாக ஏதாவது குடித்தால் அவனுக்கு அந்த முதல் நிமிடங்கள் சுலபமாகும் என்று முந்தின இரவு பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். "மெதுவா போ கண்ணு, யாரு தொரத்தறாங்க?" என்று அவனை அனுப்பி வைத்தார். இந்த நோய்க்காரப் பிள்ளைகளை 'சோம்பேறி' என்று ஊரே சொல்லும். பி.டி. பீரியடில் என் பையன் கேட்காத பேச்சில்லை. அதனால் அந்த ஒரு வார்த்தைக்கே நான் அவருக்குக் கடன்பட்டவள்.

அவன் கையில் நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் கட்டியிருந்தான். ஏழாவது நிமிடம் 142. முகம் சிவந்து, ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுவிட்டு மறுபடி நடந்தான். பன்னிரண்டாவது நிமிடம், அதே வேகத்தில் நடக்கும்போதே 118. "அம்மா, வந்துருச்சு" என்றான். அப்புறம் மேட்டில் எனக்கு முன்னால் ஏறிப் போனான். பத்திரமாக, தினமும், மிதமாக நடந்தால் இந்தப் பிள்ளைகளின் திராணி கூடும். வீட்டில் முடக்கி வைத்தால் உள்ளதும் போய்விடும். பளு தூக்குவதும் திடீரென ஓடுவதும்தான் கூடாது.

குறைகளும் உண்டு. மாடி அறையில் இந்தியன் டாய்லெட். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் தொடைத் தசை விடாமல் இறுகி நிற்கும், மெக்கார்டில் உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. வெஸ்டர்ன் இருப்பது கீழ் அறையில் மட்டும். போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரியைக் கூப்பிட வேண்டியவர்கள் முற்றத்துக்கு வரவேண்டும். அறைக்குள் ஒரு லேண்ட்லைன் வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை, மிளகுக் கோழி பிரமாதம்.

கிளியூர் அருவிக்கு இந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், இறங்கியதையெல்லாம் திரும்ப ஏறியாக வேண்டும். ஏரியில் பெடல் படகும் வேண்டாம். பகோடா பாயிண்டுக்குக் கார் போகும்.

இரண்டு பேருக்கு ஒரு நாள் வாடகை 2,800 ரூபாய், காலை டிபனோடு. மே மாதக் கோடை விழா சமயத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். போன் பண்ணும்போதே கீழ் அறை என்று சொல்லிவிடுங்கள். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். மாடியிலும் டாய்லெட்டை மாற்றிவிட்டால் ஐந்தும் கொடுப்பேன்.