எச்.பி.ஓ.வின் டைகர் வுட்ஸ் ஆவணப்படம்: பை தூக்கியவன் பார்வையில்

அமெரிக்க கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் பற்றி எச்.பி.ஓ. டிவி 2021 ஜனவரியில் இரண்டு பாகமாக வெளியிட்ட ஆவணப்படத்தைப் போன வாரம்தான் முழுசாகப் பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. என்னிடம் கோல்ஃப் கற்றுக்கொள்ளும் ஒரு பையனின் அப்பா லேப்டாப்பைக் கையில் கொடுத்து, "மாஸ்டர், நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க, இவனுக்குக் காட்டலாமா?" என்று கேட்டிருந்தார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் பதினான்கு வயதில் சென்னையில் ஒரு மைதானத்தில் கேடியாகச் சேர்ந்தவன். மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டுக் குழியும் கூடவே நடக்கிற வேலை. முதல் நாளே மூத்த கேடி அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சார் எத்தனை அடிச்சாருன்னு கேட்டா சொல்லு. என்ன பேசினாருன்னு கேட்டா, காதுல விழலைன்னு சொல்லிடு." ஒன்பது வருஷம் அப்படித்தான் இருந்தேன். அதனால் இந்தப் படத்தில் என் கண் முதலில் தேடியது ஸ்டீவ் வில்லியம்ஸைத்தான். 1999 முதல் 2011 வரை டைகரின் பையைச் சுமந்த நியூசிலாந்துக்காரர். மேஜர் என்பது வருஷத்துக்கு நான்கே நடக்கும் பெரிய போட்டி; டைகரின் பதின்மூன்று மேஜர் வெற்றிகளில் பக்கத்தில் நின்றவர். டைகரைத் தொந்தரவு செய்த ஒரு புகைப்படக்காரரின் கேமராவை 2002-ல் குளத்தில் வீசியவரும் இவர்தான். அதை நான் சரி என்று சொல்லமாட்டேன்.

2009 நவம்பர் 27 அதிகாலை, ஃபுளோரிடாவில் தன் வீட்டு வாசலிலேயே டைகரின் கார் தீயணைப்புக் குழாயிலும் மரத்திலும் மோதியது. மனைவியைத் தவிர வேறு பெண்களோடு அவருக்கு இருந்த தொடர்பு அடுத்தடுத்த நாட்களில் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. "கூடவே இருந்த கேடிக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று உலகமே வில்லியம்ஸைக் கேட்டது. தனக்கு எதுவும் தெரியாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், பலர் நம்பவில்லை. நான் நம்புகிறேன். ஒருவர் எந்தத் தூரத்துக்கு எந்த மட்டையைக் கேட்பார், எந்தக் காற்றில் தடுமாறுவார் என்பதெல்லாம் கேடிக்கு அத்துப்படி. சாயங்காலம் கார் கதவு சாத்தியபிறகு அவர் யார் என்று ஒருநாளும் தெரியாது.

முதல் பாகம் அருமை. 1996-ல் ஒரு விருது விழா மேடையில் அப்பா ஏர்ல் வுட்ஸ் தழுதழுத்த குரலில், தன் மகன் மனித குலத்துக்கே நன்மை செய்யப்போகிறவன் என்ற பொருளில் பேசுகிறார். அப்போது மகனுக்கு இருபது வயது. இரண்டு வயதில் டிவி நிகழ்ச்சியில் குட்டி மட்டையோடு வந்த பிள்ளை அவன். அந்தப் பேச்சை நான் மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். பெற்றவரே பிள்ளையை அவ்வளவு உயரத்தில் உட்காரவைத்த பிறகு, ஊர் அவனை மனிதனாக இறங்கி நடக்க விடுமா? பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிவரும் ஒவ்வொரு அப்பாவும் இந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பாகத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். பரபரப்புப் பத்திரிகைகள் அவரை எப்படித் துரத்தின என்று படம் காட்டுகிறது, நியாயம். ஆனால் முதல் பாகத்தை முடிக்கும் இடத்திலேயே, அந்தச் செய்திகளில் அடிபட்ட பெண்ணைக் கேமரா முன் உட்காரவைத்து, 'மீதி அடுத்த வாரம்' என்கிற மாதிரி நிறுத்துகிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தன் கதையைச் சொல்ல முழு உரிமை உண்டு, அவர் பேசுவதில் வலி தெரிகிறது. அதைத் தூண்டில் புழுவாக மாட்டியது படம் எடுத்தவர்களின் தவறு. பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்லிக்கொண்டே அவர்கள் விற்ற சரக்கையே இவர்களும் விற்கிறார்கள். டைகரும் பேசவில்லை, முன்னாள் மனைவியும் பேசவில்லை. அந்த இரண்டு காலி நாற்காலிகளை மற்றவர்களின் யூகத்தால் நிரப்பியிருக்க வேண்டாம்.

பார்க்கும்போது எனக்கு 2010 ஏப்ரல் ஞாபகம் வந்தது. மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸ் போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள், அதை நடத்தும் அகஸ்டா நேஷனல் கிளப்பின் அப்போதைய தலைவர் பில்லி பெய்ன், டைகர் எங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஏமாற்றம் தந்துவிட்டார் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். அந்தக் கிளப் கறுப்பினத்தவர் ஒருவரை முதன்முதலாக உறுப்பினராகச் சேர்த்ததே 1990-ல். பெய்ன் பேசிய அன்று அங்கே ஒரு பெண் உறுப்பினர்கூட இல்லை, 2012-ல்தான் சேர்த்தார்கள். டைகர் செய்தது தவறுதான், தன் வீட்டுக்குச் செய்த தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் எது, தீர்ப்புச் சொல்லத் தகுதி யாருக்கு என்பதை அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம்.

2017 மே மாதம் போலீஸ் எடுத்த வீடியோவை என்னால் மறக்க முடியவில்லை. நடுராத்திரியில் சாலையோரம் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்புகிறார்கள். சோதனையில் மது துளிகூட இல்லை, எல்லாம் மாத்திரைகள். அதற்கு முந்தின மாதம்தான் நான்காவது முதுகு அறுவை நடந்திருந்தது. வெளிச்சத்தில் நின்று ஷூ லேஸைக் கட்டத் தெரியாமல் தடவுகிறார். முதுகு பிடித்துக்கொண்ட வயசான உறுப்பினர்களுக்கு நான் குனிந்து லேஸ் கட்டிவிட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டோம், ஷூவை மட்டும் பார்ப்போம். இங்கே உலகமே முகத்தைப் பார்த்தது.

2019 மாஸ்டர்ஸ் வெற்றி கடைசியில் வருகிறது. பதினைந்தாவது மேஜர், பதினோரு வருஷம் கழித்து. மகனைக் கட்டிப்பிடிக்கிறார். எனக்குக் கண்ணீர் வந்தது.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதில் இரண்டரை முதல் பாகத்துக்கு. ஆங்கிலப் பேச்சு வேகமாகப் போகும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பையனின் அப்பாவிடம், முதல் பாகத்தைக் கடைசி ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு அவனோடு சேர்ந்து பாருங்கள், இரண்டாம் பாகத்தை நீங்கள் மட்டும் பாருங்கள் என்று சொல்லி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.